வேலியில்லா மேய்ச்சலுக்கும் பிறப்பிட முத்திரை கோருதல்

அனுப்புநர்
டீனா லிங்க்ஸ்,
செயலாளர், பொதுமேய்ச்சல் சங்கம்,
கோக்கர்ஃபொன்டைன், நமாக்வாலாந்து,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இறைச்சிப் பிறப்பிட முத்திரைக் குழு.

பொருள்: எங்கள் செம்மறி இறைச்சிக்கு முத்திரை மறுத்த ஆணையை மாற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரின் முப்பத்தொரு குடும்பங்களுடைய ஆடுகளும் ஒரே பொதுநிலத்தில் மேய்கின்றன. கோடையில் மலை, குளிர்காலத்தில் சமவெளி என மாற்றி மேய்ப்பதால் செடிகள் மறுபடி தழைக்கின்றன. கறியின் மணம் அச்செடிகளால் வருவதே.

2. வேலி இல்லாததால் ஆடு எங்கே மேய்ந்ததென்பதற்கு ஆதாரமில்லை என்று தங்கள் அலுவலகம் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பியது. உடனே, நிலத்தைக் கூறுபோட்டு வேலியடிக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வேலி வந்தால் ஆடுகள் மலையேற முடியாது. செடிகளும் மிஞ்சா.

3. நாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் ஆய்வாளர் திருமதி மொலேஃபி செப்டம்பர் 18 அன்று வந்து, பகல் முழுவதும் மந்தையின் பின்னால் நடந்தார். முத்திரை பெற்ற பக்கத்துப் பண்ணையின் வேலி கிழிந்திருந்த இடத்தில் நின்று, "உங்க ஆடு இந்த வழியா அந்தப் பக்கம் போகாதா?" என்று வினவினார். என் நாத்தனார் ஃபீயா, "அங்க போயி மண்ணையா திங்கும் மேடம்?" என்றார். அந்த வாய்த்துடுக்குக்கு நான் மன்னிப்புக் கேட்பதற்குள், அந்தக் கிழிசல் வழியே ஆடுகள் வரிசையாக நுழைந்தன. அங்கிருந்து இங்கே! காதில் தங்கள் குழுவின் மஞ்சள் வில்லையோடு எங்கள் செடிகளை ஆற அமர மேய்ந்தன. பத்தொன்பது என்று ஆய்வாளரே எண்ணிக் குறித்துக்கொண்டார்.

4. பின்னாலேயே பண்ணைக்காரர் திரு. ஹென்னி ஸ்டீன்காம்ப் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வாங்கண்ணே, உங்க பிள்ளைங்க சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்களாம்" என்றார் ஃபீயா. பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஆய்வாளரும் சிரித்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு திரு. ஸ்டீன்காம்ப், "மறைச்சு என்ன பண்றது? மூணு வருஷமா மழையில்ல. என் ஆட்டுக்கறி மணக்குதுன்னா பாதி இவங்க நிலத்தாலதான்" என்றார். அதையே எழுதிக் கையொப்பமிட்டும் தந்தார். கடிதம் இணைப்பில் உள்ளது.

5. இப்போது அவர் தம் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து, தம் ஆடுகளை எங்கள் மந்தையோடு மலைக்கு அனுப்பியிருக்கிறார். வேலிப் பேச்சைத் தங்கள் பதில் வரும்வரை ஊர் தள்ளிவைத்திருக்கிறது. ஒரே செடியை இருபுறமும் நின்று கடிக்கும் இரண்டு ஆடுகளில் ஒன்றுக்கு மட்டும் முத்திரை என்பது எந்த விதிப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஆகவே, மந்தை எங்கே மேய்ந்தது என்று எங்கள் மேய்ப்பர்கள் அன்றாடம் எழுதிவைக்கும் குறிப்பேட்டை வேலிக்கு ஈடான ஆதாரமாக ஏற்று எங்களுக்கும் முத்திரை வழங்க வேண்டுகிறேன். ஐயம் இருப்பின் தாங்களே நேரில் வரலாம். ஃபீயாவின் வாய்க்கு நான் பொறுப்பேற்க இயலாது. கறிக்குழம்புக்கு ஏற்கிறேன்.

இடம்: கோக்கர்ஃபொன்டைன்
நாள்: 21.10.2024

பணிவும் நம்பிக்கையும் கொண்டு,
டீனா லிங்க்ஸ்