சிவப்பு மை

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
10.5.2024

மரியே வாழ்க.

அன்பு மகன் டெரன்சுக்கு அம்மா எழுதுவது. மருமகள் ரொசாரியோவின் கடிதம் வந்தது. போனில் அவள் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை, காகிதத்தில்தான் பழகுகிறோம். அவளே கேட்டபடி அவள் இங்கிலீஷைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டேன். பதினோரு தப்பு. போன தடவை பதினாலு. ‘ஐ ஹேவ் ட்வென்டி நைன் இயர்ஸ்’ என்கிறாள். ஸ்பானிஷ்காரர்கள் வயசைக் கையில் வைத்திருப்பார்கள்போல. ஐந்தாம் மாசம்; குனிந்து வேலை பார்க்க விடாதே. பிள்ளைக்கு இரண்டு சட்டை தைத்துவிட்டேன்.

அம்மா
ஜெயபாய்

18.7.2024

டெரன்சுக்கு,

ரொசாரியோ கடிதம் வந்தது. ஒன்பது தப்பு. திருத்தி அனுப்பியிருக்கிறேன். இங்கே காத்து பலமாக அடிக்கிறது. மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போவேன்.

அம்மா

வீகோ, ஸ்பெயின்.
9.8.2024

அம்மா,

உங்கள் சிவப்பு மைக் காகிதம் வந்தது. பிள்ளை வயிற்றிலேயே இறந்ததை எழுத அவள் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்கிறேன் என்றதற்கு, அத்தைக்கு நான்தான் எழுதணும் என்றாள். ‘தி பேபி நோ மூவ்’ என்பதை அடித்துவிட்டு ‘டஸ் நாட் மூவ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே ஒன்பது என்று போட்டு வட்டம். வேறொரு வார்த்தை இல்லை. படித்தீர்களா, எண்ணினீர்களா?

டெரன்ஸ்

24.8.2024

ராசா,

படித்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆறுதல் எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பழைய பாடப் புத்தகத்தை வைத்து நானாகப் படித்த இங்கிலீஷ் அது. அடுத்தவர் எழுதினதைத் திருத்த வரும். சொந்தமாக ஒரு வரி யாருக்கும் எழுதினதில்லை. தப்பு வந்துவிடுமோ என்று கூசினேன். கையில் பேனா இருந்தது, தெரிந்ததைச் செய்தேன். உனக்காவது தமிழில் எழுதியிருக்கலாம். காத்து அடிக்கிறது என்று எழுதினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். “எங்கிட்ட சொல்லி என்னம்மா, உங்க மருமககிட்ட மன்னிப்பு கேளுங்க” என்றார்.

உள்ளே அவளுக்கு நானே இங்கிலீஷில் எழுதின காகிதம் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பச் சொல். ஒரு வட்டமாவது போட்டு அனுப்பட்டும்.

அம்மா

வீகோ.
14.10.2024

அம்மா,

ரொசாரியோ இப்போது என்னோடு இல்லை. ஆகஸ்டிலேயே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் காகிதத்தையும் பேனாவையும் கவரில் போட்டு அங்கே அனுப்பினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது. சட்டைகளை அனுப்ப வேண்டாம்.

கவரை நான் பிரித்தேன். வரிக்கு வரி தப்பு அம்மா. எல்லாம் புரிகிறது.

டெரன்ஸ்