நீ லேமினேஷன் போட்ட சீட்டு

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போடக் கொடுத்திருந்தேன். சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான். உனக்கு எழுதி இனி எதுவும் ஆகப்போவதில்லை. இருந்தும் எழுதுகிறேன். மனதில் வைத்துக்கொண்டே இருந்து அலுத்துவிட்டது.

அப்போது நான் கடலூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசகர். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசுவதுதான் வேலை. முன்பின் தெரியாதவர்களிடம் கூச்சமே இல்லாமல் கேட்பேன். ஆணோடா, பெண்ணோடா, எந்த வழியில், ஆணுறை இருந்ததா, எத்தனை நாள் ஆச்சு? முத்தத்தில் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, வாய்வழி உறவில் மிகக் குறைவு, பிறப்புறுப்பு வழியில் அதைவிடக் கூடுதல், ஆசனவாய் வழியில் உள்ளே வாங்குகிறவருக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

லோடு இறக்கிவிட்டு லுங்கியோடு வந்திருந்தாய். கூட்டம் கலையும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தாய். “என்னா மச்சான், பண்ருட்டி லாரிக்கு இங்க என்னா வேல?” என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

“சும்மாதான். ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாம்னு.” சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். “வாயால பண்ணா வருமா மச்சான்?”

“அதுல பயம் ரொம்பக் கம்மிடா. போட்டுக் கொழப்பிக்காத.”

சொல்லும்போதே எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவர்கள் சின்னக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு நாம் முகம் சுளிக்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் பெரியதை எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? ஆனால் நீ ஒன்பதாவதில் என் பெஞ்சுக்காரன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். உன்னிடம் எந்த வழியில் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மரியாதை என்று நினைத்தேன். கோழைத்தனம்தான் அது.

ரிசல்ட்டில் நோய் இல்லை என்று வந்தது. சீட்டின் ஓரத்தில் ‘3 மாதம் கழித்து மீண்டும்’ என்று எழுதித்தான் கொடுத்தேன். புதிதாகத் தொற்றியிருந்தால் எங்கள் பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். உறுதியாகச் சொல்ல மூன்று மாதம் ஆகும். அதை உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். “இன்னொரு தரம் வந்துடு” என்று வழியனுப்புகிற மாதிரி சொன்னேன்.

அடுத்த வாரமே பர்சைத் திறந்து காட்டினாய். உன் மனைவி போட்டோவுக்குப் பின்னால் அந்தச் சீட்டு, லேமினேஷன் போட்டு. “பாத்தியா, சர்ட்டிபிகேட்டு!” பளபளப்புக்குள் என் கையெழுத்து அப்படியே தெரிந்தது. திட்டியிருக்க வேண்டியவன் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். நீ திரும்ப வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை.

சில வருஷம் கழித்து இருமலோடு, பாதி ஆளாக, டி.பி. வார்டில் கிடந்தாய். மறுபடி பரிசோதித்தபோது எச்.ஐ.வி. இருந்தது. காலத்தோடு மாத்திரை ஆரம்பித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள், மாதாமாதம் பார்க்கிறேன். உன் உடம்புக்கு மாத்திரையைத் தாங்கத் தெம்பு மிச்சமில்லை.

ஒரு சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். “அன்னிக்கு வாயோட நிக்கல மச்சான். ஓசூர்ல ஒரு ஆம்பளையோட. உங்கிட்ட எப்புடிச் சொல்றது?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். “மனசு கேக்காம மறுநாளே உங்கிட்ட ஓடியாந்தேன்.”

மறுநாள். அன்று ஒரே ஒரு கேள்வி, எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டிருந்தால் போதும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் தொற்றாமல் தடுக்க மாத்திரை உண்டு, இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊசி குத்திக்கொண்ட நர்சுகளுக்காக அது பக்கத்து அறை பீரோவில் இருந்தது. டாக்டரிடம் கெஞ்சியாவது வாங்கித் தந்திருப்பேன். வார்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, இதைச் சொல்லவில்லை. நீ தெரியாமலேயே போய்விட்டாய்.

இப்போது சிதம்பரம் ஆஸ்பத்திரியில் என்னிடம் யார் வந்தாலும், சொந்தக்காரனே வந்தாலும், முதலில் நாளைத்தான் கேட்கிறேன். மூன்றாம் மாதம் நானே போன் செய்கிறேன். அதில் மனம் ஆறுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

உன் மனைவிக்கும் தொற்றியிருந்தது. தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள், முந்திரி உடைக்கப் போகிறாள், தேறிவிட்டாள். பண்ருட்டிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்கச் சிதம்பரம் வரை பஸ் ஏறி என்னிடம்தான் வருகிறாள். போன மாதம் கேட்டாள். “டெஸ்ட்டுல இல்லன்னுதானே வந்துச்சு, அப்புறம் எப்புடிண்ணே?”

மூன்று மாதக் கணக்கைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “அவுங்களுக்கு அசால்ட்டு ஜாஸ்திண்ணே” என்று உன்னைத்தான் குறை சொன்னாள். நான் அவள் அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன்.

பீரோவில் இருந்த மாத்திரையைப் பற்றி இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை மாத்திரை வாங்க வருவாள்.