வளைவில் விரித்த சால்வை

அக்கா,

மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இடது கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. போர்த்தியிருப்பது உங்கள் பச்சைச் சால்வை, அடக்கத்தன்று உங்கள் மகள் என்னிடம் கொடுத்தது. எத்தனை தடவை துவைத்தும் தைல வாசனை போகவில்லை. அதை முகர்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஊசிதான் வலிக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். உங்களுக்குத் தெரியாது, போன மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு உண்டானது. இன்று செக்கப்புக்கு வரும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். பிரஷர் ரொம்பக் குறைவாம், உடம்பில் தண்ணீரே இல்லையாம். "தண்ணி குடிக்கிறதுக்கு என்னம்மா கேடு?" என்றார் டாக்டர். மலையிறங்கும் நாளென்றால் நம் பெண்கள் முந்தின ராத்திரியே வாயைக் கட்டிவிடுவோம். குடித்தால் வளைவுக்கு வளைவு வாந்தி. வாந்தி வராவிட்டால் மற்றது முட்டும். ஆம்பளைகளுக்கு மலை முழுக்கக் கக்கூஸ். நாம் எங்கே இறங்குவது?

மூத்தவளைச் சுமந்தபோதும் இதே கதைதான். வட்டக்கானல் விடுதியில் நாம் இருவரும் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் இருட்டியது. விழுவதற்குள் பிடித்துப் படுக்கவைத்து, வாளியைக் கவிழ்த்து என் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தீர்கள். தெளிந்ததும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஒரு சொம்பு.

"தாகம் எடுத்தாத்தான் குடிப்பேன்னா, இந்தக் குளிர்ல எப்பப் புள்ள குடிப்ப? உள்ள ஒரு உசுரு கெடக்கு. அது யாருகிட்டப் போயிக் கேக்கும்?"

அடுத்த செக்கப்புக்குச் சோலியைப் போட்டுவிட்டு நீங்களே கூட வந்தீர்கள். மடியில் பாட்டில். "ஒரு வாய்" என்று நீட்டிக்கொண்டே வந்தீர்கள். பாதி வழியில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க, புள்ளத்தாச்சி எறங்கணும்" என்றீர்கள்.

"இங்கெல்லாம் நிப்பாட்ட முடியாதும்மா" என்றார் கண்டக்டர்.

"அப்ப உங்க சீட்டுலயே போகச் சொல்லவா?"

வண்டி நின்றது. சாலையோரப் புதரில் என்னை உட்காரவைத்து, இந்தச் சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நின்றீர்கள். சன்னலில் எட்டிப் பார்த்த ஒருவரை நீங்கள் முறைத்திருக்க வேண்டும்; சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. "அவசரப்படாத. நெதானமாப் போ. வண்டி நிக்கும்" என்றீர்கள், திரும்பாமலே. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இன்றும் பாட்டில் பையில்தான் இருந்தது. சால்வை தோளில் கிடந்தது. நிப்பாட்டுங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது, அக்கா. அதனால் குடிக்கவில்லை. வீட்டுக்காரர் சீசனில் ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்டு வர முடியாது. தனியாக வந்து, தனியாக விழுந்தேன்.

குழந்தையின் துடிப்பு மெதுவாக இருக்கிறதாம். சாயங்காலம் மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். இந்த வார்டில் என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

மூன்றாவது பாட்டில் ஏறுகிறது. அடிவயிறு முட்டிக்கொண்டு வருகிறது. எழுந்திருக்கக் கூடாது என்று நர்ஸ் பெட்பேனை வைத்துவிட்டுப் போய்விட்டார். கட்டிலைச் சுற்றித் திரை இல்லை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். உங்கள் சால்வையை எடுத்து விரித்துப் பார்த்தேன்.

ஒரு கையால் முடியவில்லை, அக்கா.