முதுகில் கை இல்லாமல்

ஜூலை 20, சனி

இந்த விடுமுறையில் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்கும் என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட மாட்டேன்.

வந்து சேர்ந்துவிட்டோம். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பிரான்சின் இந்தத் தெற்கு மூலை வரை ஒன்றரை நாள் கார்ப் பயணம். பின்னால் நான்கு சைக்கிள்கள், டிக்கியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.

"பிரான்ஸ்ல உருளைக்கிழங்கு விளையாதாப்பா?" என்று அக்கா மரித் ஒவ்வொரு வருடமும் போலக் கேட்டாள்.

"விளையும். ருசிக்காது," என்றார் அப்பா, ஒவ்வொரு வருடமும் போல.

எங்கள் விடுமுறை வீட்டில் பூட்டிக் கிடந்த வாசனை. எலி சோப்பைத் தின்றிருக்கிறது. ஜன்னல் கதவுகளைத் திறந்ததும் வெயில் விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்துவிட்டது.

இந்த வருடம் எனக்கு இது வெறும் விடுமுறை இல்லை. ஊர் திரும்பியதும் பெரிய பள்ளி. நகரத்துப் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் உண்டு, ஒரு மாடி முழுக்க நூலகம். ஆனால் பதினான்கு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். இன்னொன்று பக்கத்து ஊர்ப் பள்ளி, மரித் படிப்பது. அங்கே லத்தீன் கிடையாது. நூலகம் என்பது ஓர் அலமாரி. இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது.

மே மாதம் அப்பா, அம்மா, நான் மூவரும் நகரத்துப் பாதையை ஓட்டிப் பார்த்தோம். எதிர்காற்று. பாதி தூரம் அப்பா பக்கத்தில் ஓட்டிக்கொண்டே என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். எங்கள் ஊரில் எல்லா அப்பாக்களும் செய்வதுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு. எனக்குப் பன்னிரண்டு. பின்னால் வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"டிசம்பர்ல, இருட்டுல, மழையில யாரு உன் முதுகுல கை வைப்பா, ஃபென்னா?" என்றாள்.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கு நான்கு பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள். காற்றடித்தால் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் ஓட்டுவார்கள், மற்றவர்கள் அவர் மறைவில். முறை எடுக்க முடியாதவளுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவின் நிபந்தனை இது. இங்கிருந்து சந்தை கூடும் நியோன்ஸும் ஏறக்குறைய அதே தூரம்தான். பள்ளிப் பையின் கனத்தோடு, முதுகில் கை இல்லாமல், நான் போய்த் திரும்ப வேண்டும். முடிந்தால் நகரத்துப் பள்ளி. முடியாவிட்டால் ஊருக்குப் போனதும் அந்த இடத்தை விட்டுவிடுவோம்.

முடியும்.

ஜூலை 22, திங்கள்

முதல் நாளே அவமானம்.

எங்கள் சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும். எங்கள் ஊரில் மேடு என்றால் கால்வாய்ப் பாலம்தான், அதனால் இதுவே போதும். இங்கேயோ வீட்டு வாசலிலிருந்தே சாலை சரிவு. நான் சரிவு முழுக்கப் பின்னோக்கி மிதித்துக்கொண்டே இறங்கினேன். கருகிய எண்ணெய் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து புகை! தொட்டுப் பார்த்தேன். (ஏன் தொட்டேன்?) விரலில் கொப்புளம். அப்பா குடிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். சூடான வாணலி மாதிரிச் சீறியது.

"முட்டை கொண்டு வரட்டுமா? பொரிச்சுடலாம்," என்று மரித் மேலேயிருந்து கத்தினாள்.

பக்கத்துத் தோட்டத்து மதாம் ருஸ்தான் ஆப்ரிகாட் பெட்டிகளை ஏற்றிய வேனை நிறுத்தினார். "மறுபடியும் இந்த மாட்டு வண்டிங்களையா கொண்டு வந்தீங்க, மெஸ்யே ஹார்ம்? நியோன்ஸ்ல கியர் சைக்கிள் வாடகைக்குத் தர்றாங்களே!"

அப்பா சிரித்தார். வேன் போனதும் சிரிப்பும் போனது. "டச்சுக்காரன் சைக்கிளை வாடகைக்கு எடுக்கிறதா? மீன் தண்ணியை விலைக்கு வாங்கின மாதிரி."

ஜூலை 25, வியாழன்

திராட்சைத் தோட்டம் வரை போனேன். திரும்பும்போது மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அழவில்லை.

அது உண்மை இல்லை. கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 28, ஞாயிறு

முற்றத்தில் சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள். "ஹார்ம், குழந்தை கால் பலத்தைச் சோதிக்கிறோமா, உன் பெருமையையா? பெருமையை மிதிச்சு மேட்டுல ஏற முடியாது."

அப்பா தட்டிலிருந்த கடைசி உருளைக்கிழங்கையும் தின்று முடித்தார். அப்புறம் கார்ச் சாவியை எடுத்தார்.

வாடகை சைக்கிள் வந்துவிட்டது. போர்வை போர்த்திக் கொண்டுவந்தார். ஆற்றங்கரைக் கூடாரங்களில் முழுக்க எங்கள் நாட்டுக்காரர்கள்தானே, யாராவது பார்த்துவிட்டால்?

கியர் இருக்கிறது, கைப்பிடியில் பிரேக் இருக்கிறது. ஆனால் என் காலுக்கு அது தெரியவில்லை. வாசல் சரிவில் நிறுத்தப் பின்னோக்கி மிதித்தேன். பெடல் சும்மா சுற்றியது. நேராகப் போய் மதாம் ருஸ்தானின் காலிப் பெட்டிகளில் விழுந்தேன்.

"உங்க வீட்டுல யாருக்குமே நிறுத்தத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, என் முழங்கையைத் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் துடைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன்பு ரொட்டிக் கடைக்கு நான்தான் போகிறேன். அப்புறம் பயிற்சி. பத்து மணிக்கெல்லாம் வீட்டின் எல்லா ஜன்னல் கதவுகளையும் சாத்துகிறோம். குளிர்ந்த தரையில் வயிற்றை வைத்துப் படுத்துப் புத்தகம் வாசிக்கிறேன். மாலையில் எல்லோரும் ஆற்றுக்கு.

கனத்துக்காகப் பின்னால் புத்தகங்களைக் கட்டிக்கொள்கிறேன். எதைக் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கவே நேரமாகிறது. கனத்துக்குத்தானே என்கிறாள் மரித், இரண்டு செங்கல் போதுமாம். போதாது. வழியில் உட்கார்ந்தால் செங்கல்லை வாசிக்க முடியுமா?

அப்பா தன் பழைய சைக்கிளில் பக்கத்தில் வருகிறார். (சரிவில் பாதியில் நின்று சக்கரத்தை ஆறவைக்கிறார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.)

இன்று பாலம் வரை போனோம். ஏற்றத்தில்:

"அப்பா, கை."

"எங்கே?"

"என் முதுகுல."

"ஓ," என்று எடுத்துக்கொண்டார். அவருக்கே தெரியவில்லை. தானாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று சந்தை நாள். நியோன்ஸ் போய்த் திரும்பினேன்.

நடந்தபடி எழுதுகிறேன். போவது சுலபமாக இருந்தது. திரும்பும்போது பாலத்தில் மூச்சு முட்டியது, திராட்சைத் தோட்டத்தில் பல்லைக் கடித்தேன். கல்லறைச் சுவரையொட்டிய கடைசி ஏற்றத்தில் கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது திடீரென்று சுலபமானது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். என்னைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகு எங்கள் வழக்கப்படி எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னோம். "உன் மகளுக்காக வாழ்த்துகள், ஹார்ம்." "உன் தங்கச்சிக்காக வாழ்த்துகள், மரித்." சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மதாம் ருஸ்தானுக்கும் அப்பா கை குலுக்கி வாழ்த்தினார்.

"எனக்கு எதுக்கு? நான் எங்கேயும் போகலையே!" என்றார் அவர். ஆனாலும் கேக் சாப்பிட்டார். மரித் சுட்ட கேக், ஒரு பக்கம் கருகல். அம்மா நாளைக்கே பள்ளிக்கு எழுதிவிடுவாளாம்.

இனிமேல்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

கல்லறைச் சுவர் பக்கம் சுலபமானதற்குக் காரணம் அப்பாவின் கை. எனக்குத் தெரியும். வைத்த உடனேயே தெரியும். அன்று போல "அப்பா, கை" என்று சொல்ல வாய் இருந்தது. சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது. அம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கேயிருந்து?"

"கல்லறைச் சுவர்லேர்ந்து வளைவு வரைக்கும்."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"எடுங்கன்னு சொன்னியா?"

"...இல்ல."

"அது தள்ளினதே இல்ல, ரென்ஸ்கே," என்றார் அப்பா. "சும்மா வெச்சேன்."

"சும்மா வைக்கிற கைதான் ஹார்ம் பிரச்சினையே."

மரித் உடனே, "கேக் முடிஞ்சு போச்சு. அதைத் திருப்பித் தர முடியாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றாள். அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்றாவது.

துணி காயப்போடும்போது அப்பா கிட்டே வந்தார். "சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம். அப்புறம் டிசம்பர்ல?"

அவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் போவேன். தனியாக, கையே எட்டாத தூரத்தில்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மிஸ்த்ரால் காற்று தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து. அதாவது நியோன்ஸிலிருந்து வீடு திரும்பும் வழி முழுக்க நேராக முகத்தில். இது தொடங்கினால் சீக்கிரம் விடாது என்கிறார் மதாம் ருஸ்தான். வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

காற்று நிற்கவில்லை. "அப்போ காத்துலயே போறேன்," என்றேன்.

அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். "நான் வர்றேன். ஹார்ம், நீ இங்கேயே இரு."

போகும்போது காற்று எங்களை உருட்டிவிட்டது. இதை முதுகில் வைத்த கையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். சிரித்தாள். சந்தைத் திடலின் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் சிரிப்பு இல்லை. காற்று சுவர் மாதிரி நின்றது. கண்ணில் மண். ஊரைத் தாண்டியதும் அம்மா என்னை முந்திக்கொண்டு முன்னால் போனாள். "பின்னாடி ஒட்டிக்க!"

"அது உதவி ஆயிடாதா?" என்று கத்தினேன்.

"உன் முறை வரும், பாரு!"

வந்தது. அம்மா விலகினாள், காற்று முழுதும் என் மேல். எனக்குப் பின்னால் ஒருவர் மறைந்து வருகிறார் என்பது புதிதாக இருந்தது. நான் மெதுவானால் அவரும் மெதுவாவார். அதனால் மெதுவாகக் கூடாது. அம்மா, நான், அம்மா, நான். பாலம் வந்தது, போனது. திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் முறை வந்தபோது அவள் தலையை ஆட்டினாள். "முடியல. நீயே போ."

நானே போனேன்.

கல்லறைச் சுவர் முடிகிற இடத்தில் காற்று பக்கவாட்டில் வந்து அடித்தது. சைக்கிளோடு சாலையோரப் பள்ளத்தில் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. புத்தகக் கட்டு அவிழ்ந்து பக்கங்கள் படபடத்தன. அம்மா நின்றாள். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எழுந்திரு என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.

புத்தகங்களைப் பொறுக்கிக் கட்டினேன். ஏற்றத்தில், காற்றில், நின்ற இடத்திலிருந்து கிளம்புவது - முதல் தடவை முடியவில்லை. அடுத்த தடவையும் இல்லை. அசிங்கமான வார்த்தை ஒன்று சொன்னேன். (லத்தீன் இல்லை.) அதற்கடுத்த மிதியில் சக்கரம் சுற்றியது.

வாசலில் இறங்கியபோது அம்மா சொன்னாள்.

"கால் தரையில பட்டுச்சு."

"பட்டுச்சு."

"கை?"

"படல."

"ம். யோசிக்கிறேன்."

இன்று யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்னும் யோசிக்கிறாள். நான் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். ரொட்டி வாங்கப் போய் வந்தேன். முழங்காலை மடக்கினால் வலிக்கிறது, மிதித்தால் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வெயில் தணிந்ததும் கிளம்புகிறோம். இரவு முழுக்க கார். வீட்டைப் பூட்டும் வேலை காலையிலிருந்தே. மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம். சோப்பை இந்தத் தடவை டப்பாவில் வைத்தேன். மதாம் ருஸ்தான் ஒரு பெட்டி ஆப்ரிகாட் கொண்டுவந்து, "உருளைக்கிழங்கு இருந்த இடம் காலியாத்தானே இருக்கும்?" என்றார். மரித் தண்ணீர்க் குழாயை அடைத்தாள். அறை அறையாக ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு வந்தோம். கடைசியில் சமையலறை மட்டும்தான் மீதி. இதை அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா வாசற்படியில் நின்று போனில் பேசுகிறாள். எங்கள் ஊர் யோலந்தாவிடம். நகரத்துப் பள்ளிக்குக் கூட்டமாகப் போகும் அந்த நான்கு பேரில் அவர் மகள்தான் மூத்தவள். முதலில் நான் கவனிக்கவில்லை.

"ஆமா, அஞ்சாவதா ஃபென்னா. காலையில எங்கே நிக்கணும்?... சரி, ரவுண்டானாவுல... ஐயோ இல்ல இல்ல, அவளுக்காக மெதுவாப் போக வேண்டாம்னு சொல்லுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "காத்தா? காத்தடிச்சா அவளும் முறை எடுத்துப்பா."

அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கே எழுதிக்கொண்டேன்.

அம்மா உள்ளே வந்து கடைசி ஜன்னலைச் சாத்தினாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள். "என்ன முழிக்கிற? புத்தகத்தை எடுத்துட்டுக் கார்ல ஏறு," என்றாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று அப்பா மெயின் சுவிட்ச் பக்கத்திலிருந்து கத்துகிறார். "ஃபென்னா! அணைக்கிறேன்!"

இதைக் காரில் எழுதுகிறேன். அணைத்துவிட்டார்.