டீமேக்கர் மூக்கு

ஜூன் 9
லிந்துலையில் கொழுந்தைத் தேயிலையாக்கும் இந்த ஸ்டோருக்கு இருபத்திரண்டு வருடமாக நான் டீமேக்கர். உருட்டிய கொழுந்தில் பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும் கணம் என் மூக்குக்குத் தெரியும். ஒரு பிடி அள்ளி முகர்ந்து "ஏத்து" என்றால் நல்லமுத்து ட்ரையரில் ஏற்ற வேண்டும். சோம்பேறி, தினமும் சூடு பத்தவில்லை என்று பத்து நிமிடம் இழுப்பான். மூன்று நாளாக அதிசயம், சொன்னதும் ஏற்றுகிறான்.

எனக்கு உதவியாக வந்த கிருஷாந்தி, தன் அக்காவின் கல்யாணத்துக்குப் பொகவந்தலாவை போயிருக்கிறாள். நிம்மதி. நான் முகர்ந்த பிறகு தானும் முகர்வாள். பட்டம் வாங்கிய மூக்காம்! மூக்குத்தி போடத்தான் லாயக்கு.

ஜூன் 18
கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்களிடமிருந்து கடிதம். 7, 8, 9 தேதித் தேயிலையில் பச்சை வாடையாம். குடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நாக்கு செத்தவன்கள். இன்னொரு கடிதம் வந்தால் வேறு டீமேக்கர் பார்ப்பாராம் தோட்டத்துத் துரை. பார்க்கட்டும்.

ஜூன் 22
மனைவி தெரேசாவின் நச்சரிப்பு. "வாயாலதான் மூச்சு விடுறீங்க, சாம்பார் கருகுனது கூடத் தெரியல." ஹட்டனில் டொக்டரிடம் போனேன். மீசை முளைக்காத பயல், மூக்குக்குள் குழாயை விட்டுத் திரையில் காட்டினான். நடுச்சுவர் வளைந்திருக்கிறதாம். பக்கத்துக்கு மூன்று எலும்பு மடிப்பு. நடு மடிப்புக்கடியில் திராட்சை போலச் சதை. வாசம் அறியும் இடம் உச்சியில், முத்திரை அளவுதானாம். அங்கே ஆறு மாதமாகக் காற்றே போகவில்லையாம்.

இவன் கொழுந்தைக் கண்டிருப்பானா?

ஆறு மாதம். அப்போ நான் எதை மோந்தேன்?

ஜூன் 23
நல்லமுத்துவிடம் கேட்டேன், அந்த மூன்று நாள் மட்டும் சூடு எப்படிப் பத்தியது என்று. தரையைப் பார்த்தான்.

"சூடு எப்பவும் பத்துங்கய்யா. கிருஷாந்தி மிஸ் தலையாட்டுனாத்தான் ஏத்துவேன். அந்த மூணு நாளும் மிஸ் இல்லீங்க."

தூ. துப்பியது என்னைத்தான்.

ஜூன் 24
ஒரு பிடி அள்ளினேன். பழக்கத்தில் மூக்கு வரை போன கையைக் கிருஷாந்தியிடம் நீட்டினேன். "இன்னும் ஏழு நிமிஷம் சார்," என்றாள். ஏழு நிமிடமும் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏத்து" என்றாள். நல்லமுத்து என் முகத்தைப் பார்க்காமல் ஏற்றினான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.