குளியலறை ஸ்டூல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் தம்பி நலம், நான் முக்கால் நலம். நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போனில் நீ ஒரு கேள்வி கேட்டால் என் வாய் தானாக 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிடுகிறது, அதனால்தான் கடிதம். இதைப் படமெடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பித் தருவதாக மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், ஏம்மா நின்னுக்கிட்டே பேசுறீங்க, உட்காருங்களேன் என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றி உன் தலைமுடியைக் குறை சொன்னேன். உட்கார முடியவில்லை என்பதுதான் உண்மை. பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்று, இடுப்புக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது. நாரும் மக்கும் பிளாஸ்டிக்கும் சேர்த்து நீ செய்து அனுப்பிய குளியலறை ஸ்டூலின் ஒரு கால் முறிந்து தரையில் விழுந்தேன், குழாயைப் பிடித்துக்கொண்டதால் தலை தப்பியது. இப்பப் போய் அக்காகிட்ட சொல்லிக் கலக்காதீங்கம்மா, உங்க சுத்தப் பைத்தியத்துலதான் அது உடைஞ்சுது, ஸ்டூல் மேல பழி போடாதீங்க என்கிறான் உன் தம்பி. அவன் சொல்வதில் பாதி சரி. தினமும் குளித்து முடித்ததும் சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்து அதைத் தேய்த்துக் கழுவினேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், குளியலறையில் வழவழப்பு இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியாததா. நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் மேலே இருக்கும் மெழுகும் பிசினும் கழன்று நார் சொரசொரப்பாகும், அப்போதுதான் மண்ணில் மக்கும் அந்தப் பிளாஸ்டிக் அதை இறுகப் பிடித்து வலு வரும் என்று சொன்னாயே, காஸ்டிக்கிலேயே ஊறி வந்ததைச் சலவைச் சோடா என்ன செய்துவிடும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். சோடாவின் காரம் நாருக்குத்தான் நல்லது, அந்தப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்று தம்பி இப்போது எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறான், விழுவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கால்களின் அடிப்பக்கம் கொஞ்ச நாளாகவே வெளுத்து, துடைப்பம்போல் நார் துருத்திக்கொண்டு வந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தரியால் வரிசையாக வெட்டிவிட்டேன், மறுபடி வந்தது, மறுபடி வெட்டினேன். நான் கெட்டுப்போகிறேன் என்று அது சொல்லச் சொல்ல நான் அதற்கு முடி திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகள் செய்தது என்று மருந்துக்கடை வரை தூக்கிக்கொண்டு போய்க் காட்டியவள் நான். களிம்பு வாங்கப் போனபோது, பொண்ணு ஸ்டூல் எப்படிம்மா இருக்கு என்று அவர் கேட்டார், நல்லா இருக்கு, உட்காரத்தான் நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வலி ஆறிவிடும். அடுத்த வாரம் இதே ஸ்டூல்களை அந்த முதியோர் இல்லத்துக்குச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாயே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அங்க யாரு உங்கள மாதிரி தேய்க்கப் போறா என்கிறான் தம்பி. அங்கே குளியலறை கழுவுகிறவர் கைக்குக் கிடைத்த பவுடரையெல்லாம் கொட்டித் தேய்ப்பார், நாற்றம் போக வேண்டுமே. எனக்குக் குழாயைப் பிடிக்கக் கையில் வலு இருந்தது, அங்கிருப்பவர்களுக்கு இருக்குமா? அம்மா தப்பாகக் கழுவியதால் உடைந்தது என்று எழுதி வைத்துவிட்டுக் கொடுத்துவிடாதே, அது உண்மைதான், ஆனால் போதாது. உன் மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும், நிறுத்தி வை.

உடைந்த காலைப் பசை போட்டு ஒட்டப் பார்த்தான் தம்பி, பிடுங்கித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பார்சலில் வரும். காஸ்டிக்கைத் தொடும்போது கண்ணாடியும் கையுறையும் போட மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும். சரிசெய்த ஸ்டூலை முதலில் எனக்கே அனுப்பு. சோடா போட்டுத்தான் கழுவுவேன். அதையும் தாங்கினால் மற்றவர்களை உட்காரச் சொல்.

ஆசிகளுடன்,
சமையல் மேடையருகே நின்றபடியே எழுதும்
உன் அம்மா