மூன்றாம் தண்ணீருக்கு முன்னால்

ராஜபாளையம்,
14.5.93, வெள்ளிக்கிழமை.

என் மகன் ராஜரத்தினத்துக்கு அம்மா எழுதுகிறது. கர்த்தருடைய இரக்கத்தால் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே இருக்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றிருக்கிறது, முட்டுவலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அய்யனார் கோவில் ஆறு காய்ந்து கிடக்கிறது, குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர், அதிலும் எதிர்வீட்டுக்காரி முதல் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள், போன கோடையிலும் வைத்தாள், நான் மறக்கவில்லை. சப்பட்டை மாம்பழம் கடைக்கு வந்துவிட்டது, உனக்குக் கொடுத்துவிட ஆள் கிடைக்கவில்லை, உண்மையைச் சொன்னால் மனசும் வரவில்லை. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதை வாசி. வழக்கமாக உன் தங்கச்சி மகளைத்தான் எழுதச் சொல்வேன், இதைப் பிறத்தியார் கையில் கொடுக்க முடியாது என்று நானே நேற்றுக் காலையிலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, வரி மேலும் கீழுமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பின்னால் கண்மாய்க் கரையை ஒட்டி ஒன்பது குடிசைகள், எல்லாம் மில்லுக் கழிவுப் பஞ்சைப் பிரித்துக் கொடுத்தும் பாத்திரத்துக்கு ஈயம் பூசியும் பிழைக்கிறவர்கள். அதில் எட்டை இந்தத் திங்கட்கிழமை இடித்துப் போட்டுவிட்டார்கள். பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு லாரி போக வழி வேண்டுமாம். ஒன்றே ஒன்று நிற்கிறது, அதையும் இருபத்து நாலாம் தேதி வந்து இடிப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடிக்கச் சொன்ன உத்தரவு கோட்டையில் நீ இருக்கிற ஆபீஸிலிருந்து வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். மேலே என்னென்னவோ எழுதி, அடியில் ஆணைப்படி அனுப்பப்படுகிறது என்று போட்டு, அதற்குக் கீழே உன் கையெழுத்து. சிலேட்டில் நீ போட்ட அதே சுழி. என்னிடம் வந்து இது வேறு ராஜரத்தினம் என்று யாரும் சொல்ல முடியாது.

நிற்கிற அந்த ஒரு குடிசை பிச்சையம்மாளுடையது. அவளை உனக்குத் தெரியாது. புருஷன் இல்லை, மகளும் பிரசவத்தில் போய்விட்டாள், ஆறு வயசுப் பேத்தி அழகுத்தாயை வைத்துக்கொண்டு பஞ்சு பிரிக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் தொடங்கின வாரம் அவள் பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்தாள், உத்தரவில் இருக்கிற பெயர் இந்த ஞானபாக்கியம் மகன் பெயர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு மனு, ஒன்பது வீட்டுக்காரர்களும் கைநாட்டு வைத்தது. அளக்க வந்தவர்கள் பழைய எல்லைக் கல்லை விட்டுவிட்டுக் கிட்டங்கிக்காரர் ஊன்றின புதுக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்துவிட்டார்கள், பழைய கல்லிலிருந்து பிடித்தால் குடிசைகள் எல்லாம் வழிக்கு வெளியே நிற்கும், ஒரு தடவை மறுபடி அளக்க வேண்டும், மனுவில் இருந்தது அம்புட்டுத்தான். "ஆச்சி, நாங்க இடத்தைக் குடுங்கன்னு கேக்கல, அளந்து பாருங்கன்னுதான் கேக்கோம், உங்க மவன்ட்ட சேத்துருங்க" என்றாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வாங்கினதை உனக்கு அனுப்பவில்லை. இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனு உன்னிடம் வரவே இல்லை மகனே, என்னிடம்தான் இருந்தது.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது ஊரில் நாலு பேர் கொடுத்த பேப்பரை உன்னிடம் நீட்டினேன். "ஊருப் பேப்பரையெல்லாம் என் தலையில கட்டாதம்மா, நான் என்ன ராஜாவா, மேல இருந்து வந்ததைக் கீழ அனுப்புறவன்" என்று மருமகள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாய். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள், அதையும் நான் பார்த்தேன். அந்த ரோஷத்தில் இனி இவன் முன்னால் எந்தப் பேப்பரோடும் நிற்பதில்லை என்று இருந்துவிட்டேன். மனுவைத் திருப்பிக் கொடுக்கவும் கௌரவம் விடவில்லை. வேதப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய் வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டுகளோடு சேர்த்து மேஜையில் வைத்தேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், குழந்தை இல்லாதவர்கள், ஒருத்தி புருஷனுக்குக் கிட்னியில் கல், அதோடு இதுவும். ஈஸ்டர் வரைக்கும் முழங்கால் போட்டு ஒன்பது பெயரையும் சொல்லி ஜெபித்தோம், நான் அழுதேன்கூட. மனுவின் தலைப்பில் யாருக்கு என்று எழுதியிருந்தது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. கடவுளுக்கு என்று எழுதியிருக்கவில்லை, உன் ஆபீஸுக்கு என்று எழுதியிருந்தது.

ஈஸ்டர் கழித்து அவள் மறுபடி வந்து, குடுத்தாச்சா ஆச்சி என்று கேட்டாள். ஜெபத்தில் வைத்திருக்கிறேன், தைரியமாகப் போ என்று சொல்லி அனுப்பினேன். அவள் கரைக்குப் போய் எல்லாரையும் கூட்டி, ஆபீசர் அம்மா கையில் இருக்கிறது, இனி வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வக்கீலைப் பார்க்கக் கிளம்பினவர்கள் அதோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்ற வார்த்தையை எனக்குச் சொன்னது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் அப்பா பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்துச் செத்தபோது உனக்குப் பத்து வயசு. மில் லைன் வீட்டை எட்டு நாளில் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடியும் வரைக்காவது இருக்க விடுங்கள் என்று எழுதி வாங்கி, மில் ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்த வைகுண்டராஜிடம் கொடுத்தேன். கோயிலில் முன் பெஞ்சுக்காரர், காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், முதலாளி அறைக்குள் செருப்போடு போகிற ஆள். மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது "ஜெபத்துல வச்சிருக்கேம்மா" என்றார், அந்தப் பை அப்போதும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. எட்டாம் நாள் நம் அடுப்பைத் தெருவில் வைத்தார்கள். செட்டியார்பட்டியில் உன் மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஏழு மாதம் கிடந்தோம், உன் தங்கச்சிக்குக் காதில் உண்ணி புகுந்தது அங்கேதான். முப்பது வருஷம் கோயிலில் எதிரே கண்டும் அந்த மனுஷனுக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை. போன கார்த்திகையில் அவர் பெட்டி என் வாசல் வழியாகப் போனது, நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் செய்ததை அவர் செத்த ஆறு மாதத்துக்குள் நான் செய்து முடித்திருக்கிறேன்.

இடித்த செய்தி கேட்டுப் புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கரைமேல் சட்டியும் பானையும் கட்டிலுமாக எட்டு வீட்டுச் சாமான், ஒரு சேலையை நாலு கம்பில் கட்டி அந்த நிழலில் பிள்ளைகளைப் போட்டிருக்கிறார்கள். பிச்சையம்மாள் குடிசை மட்டும் எப்படித் தப்பியது என்றால், அழகுத்தாய்க்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்ததும் இடிக்க வந்த ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள். உத்தரவு இருக்கு, போலீசு இருக்கு என்று கூட வந்த அதிகாரி எம்புட்டோ சத்தம் போட்டும், "சார், உங்க உத்தரவு எங்க பிள்ளைகளுக்குக் காச்சல் வந்தா வந்து பாக்குமா" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். கடைசியில் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிறகு வருகிறோம் என்று போய்விட்டார்கள். முதல் தண்ணீர் இன்றைக்கு. இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மூன்றாவது அடுத்த வெள்ளி இருபத்தொன்று. அதோடு அந்தக் குடிசைக்குக் காவல் முடிந்தது. நமக்கு வேப்பிலையில் விசுவாசம் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வேப்பிலை செய்ததை நானும் செய்யவில்லை நீயும் செய்யவில்லை.

கரையில் நூர்பானு என்று ஒருத்தி, ஈயம் பூசுகிற ஹமீது பெண்சாதி, அவள் வீடு முதல் வீடாகப் போனது. என்னைப் பார்த்ததும், "வாங்க ஆபீசர் அம்மா, வீட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிட வீடு இல்ல, வெயில்லயே இருங்க" என்றாள். பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, "ஏட்டி நூரு, ஆச்சியப் பேசாத, அவிய என்ன செய்வாவ, மவனுக்கு நேரம் இல்லாமப் போயிருக்கும்" என்றாள். அதற்கு அவள், "அந்த மவராசன் பேரை நாங்க எழுத்துக் கூட்டி வாசிச்சோம்லா, எங்க பேரு ஒம்பதையும் வாசிக்க அவருக்கு எம்புட்டு நேரம் ஆவும்?" என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும், அவன் வாசிக்கவில்லை, அவன் கைக்கே போகவில்லை, நான்தான் வைத்திருந்தேன் என்று. சொல்லவில்லை மகனே. உன் தலையில் அந்தப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன், பாதியில் விட்டேன். எழுந்து புஸ்தகத்தைத்தான் எடுத்தேன். நீ பரீட்சை பாஸாகிக் கோட்டைக்கு வேலைக்குப் போன வருஷம் நமக்காக வைத்த ஸ்தோத்திர ஆராதனையில், போதகர் ஐயா ஒரு ராஜாவைப் பற்றின சங்கீதத்தை வாசித்தார். மற்ற ராஜாக்கள் எல்லாரும் அவன் முன்னால் பணிவார்கள் என்கிற இடத்தில் நிறுத்திப் புஸ்தகத்தை மூடிவிட்டார், நாமும் அதை உனக்கு வந்த வாக்கு என்று பிடித்துக்கொண்டோம், நான் தெரு முழுக்கச் சொன்னேன். அவர் நிறுத்தின இடத்துக்கு அடுத்த வரியை இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவனை ஏன் பணிகிறார்கள் என்று அங்கே இருக்கிறது. சேனை வைத்திருந்தான் என்பதற்காக இல்லை. கேட்க நாதியில்லாதவன் கூப்பிட்டான், இவன் விடுவித்தான், அதனால். அந்த எளிய ஜனங்களின் ரத்தம் அவன் கண்ணுக்கு விலை உள்ளதாகத் தெரிந்தது, அதனால். காரணத்தை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் நாம்.

இன்னொன்றும் பார்த்தேன். பெண்கள் ஞாயிறுக்கு வருஷா வருஷம் நல்ல மனைவி எப்படி இருப்பாள் என்று ஒரு பகுதி வாசிப்பார்கள், விடியுமுன் எழுந்திருப்பாள், நூல் நூற்பாள் என்று. அதே அதிகாரத்தின் முன்பாதியை ஒரு நாளும் வாசித்ததில்லை. அது ஒரு ராஜாவை அவனைப் பெற்றவள் கண்டிக்கிற பேச்சு. குடித்துவிட்டுச் சட்டத்தை மறந்து எளியவன் வழக்கைப் புரட்டிவிடாதே, பேச வாயில்லாதவனுக்கு நீ வாயைத் திற என்கிறாள். மகன் பெயர் போட்டிருக்கிறது, அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் மகனிடம், அவர்களுக்காக ஜெபம் பண்ணு என்று சொல்லவில்லை. நியாயம் செய் என்றாள். நீ குடிக்கிறவன் இல்லை, கட்டுக் கட்டாகப் பேப்பர் பார்க்கிறவனுக்கும் மறதி வரும். நான் என்ன ராஜாவா என்று கேட்டாயே, ஒரு பேப்பர் உன் மேஜையில் கிடக்கிற நேரம் வரைக்கும் அதில் பெயர் இருக்கிறவர்களுக்கு நீதான் ராஜா, அவர்கள் வேறு யாரிடம் போவார்கள்?

மனுவை இதோடு வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். மறு அளவை ஆகும் வரை நிறுத்தி வைக்கவும் என்று ஒரு வரி மேலே எழுதி அனுப்பினால் ஒரு கட்டு வருஷக்கணக்கில் தூங்கும் என்று நீயே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அந்த வரியை இதற்கு எழுது. உன் மேலதிகாரியிடம் நேரில் போய் நின்று கேள். பழைய கல் இன்னும் கருவேல மரத்தடியில் இருக்கிறது, நான் தொட்டுப் பார்த்தேன், அதைப் பிடுங்கிப் போடுமுன் ஆள் வரவேண்டும். உனக்குப் புரமோஷன் வருகிற நேரம் என்றும், கிட்டங்கிக்காரருக்குக் கோட்டை வரைக்கும் ஆள் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தூர ஊருக்கு மாற்றுவார்கள் என்றால் மாற்றட்டும், மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்தானே நாம்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தண்ணீருக்கு நான் அங்கே போகிறேன். மனு என்னிடம்தான் இருந்தது என்று நூர்பானு காதில் விழும்படியாகவே பிச்சையம்மாளிடம் சொல்லிவிடுவேன். அவள் பேசுவாள், வாங்கிக்கொள்கிறேன். இதனால் வைகுண்டராஜை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. அவர் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டுக்கொண்டேன், அம்புட்டுத்தான்.

பேரப்பிள்ளைகளை வெயிலில் விடாதே, மோர் கொடு. மருமகளுக்கு என் விசாரிப்பைச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைக்குப் பலமும் உன் நெஞ்சுக்குப் பயமின்மையும் தரட்டும். பதில் எனக்கு வேண்டாம், பிச்சையம்மாளுக்குப் போடு. பிச்சையம்மாள், கண்மாய்க் கரை, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதினால் போதும், தபால்காரருக்குத் தெரியும். இன்றைக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது. உன் கடிதம் போய்ச் சேருகிற அன்றைக்கும் தபால்காரர் தட்டிக் கூப்பிட அந்தக் கதவு இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
ச. ஞானபாக்கியம்.